நியூட்ரலில் வைக்கவும்

சத்தம் நின்றதும் முதலில் வாயைத் திறந்தது மைக்தான்.

“இது கார் கழுவற சத்தம் மாதிரி இல்ல அண்ணி. காரைக் கட்டி வச்சு உதைக்கிற சத்தம்.”

“இன்னொரு தடவை போடறேன். வாயை மூடிட்டுக் காதைத் திற,” என்றாள் அண்ணி.

ஊரே அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டது. உண்மையில் அவள் மைக்குக்கு மட்டும்தான் அண்ணி. அவன் அண்ணனின் மனைவி. இன்சூரன்ஸ் கம்பெனியில், மோதி நசுங்கின வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் வேலையில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டிவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். மைக் மேடை மேடையாகப் பலகுரல் நிகழ்ச்சி நடத்தியவன்; அந்தப் பேரே அப்படி ஒட்டிக்கொண்டதுதான். ரயில் கூவும், குழந்தை வீறிடும், மந்திரி தும்முவார். எல்லாம் அந்த ஒரே தொண்டைக்குள். மேடைகள் குறைந்தபோது அண்ணியிடம் உதவியாளனாக ஒட்டிக்கொண்டான். போகிற இடமெல்லாம் அவன் ‘அண்ணி, அண்ணி’ என்று கத்தியதில் கட்சிக்காரர்களுக்கும் அதுவே தொற்றிக்கொண்டது.

இன்றைய கட்சிக்காரர் அவர்களுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. அந்தப் பெட்ரோல் பங்க்கின் முதலாளியம்மா. ஐம்பதைத் தாண்டியவர். பம்பில் ஆள் குறைந்தால் தானே குழாயைப் பிடிப்பார்; லாரிக்காரன் முறைத்தால் அவனைவிட நன்றாக முறைப்பார். என்ஜின் ஆயில் டின்களைக் கூரைவரை அடுக்கியிருந்த அந்தச் சின்ன அலுவலக அறையில், அவருடைய கோபத்துக்கு நிற்கக்கூட இடம் போதவில்லை.

“எத்தனை தடவை கேட்டாலும் அது என் மெஷின் இல்ல,” என்றார். “என் மெஷின் இப்படிக் கத்தாது. கத்தினா நானே வெளிய தூக்கிப் போட்டிருப்பேன்.”

விஷயம் இதுதான். பைபாஸ் ரோடு திறந்த பிறகு பழைய ரோட்டில் வண்டி பாதியாகிவிட்டது. வருகிற வண்டிகளாவது பங்க்குக்குள் திரும்ப ஒரு காரணம் வேண்டும் என்று, பின்னாலிருந்த துண்டு நிலத்தில் கார் கழுவ ஒரு ஷெட் போட நினைத்தார் முதலாளியம்மா. நகராட்சி வரைபடத்தில் ரோட்டுப் பக்கம் நீல நிறம். கடை கண்ணி வைக்கலாம். பின்சந்து மஞ்சள், வீடு மட்டும்தான். அந்தத் துண்டு நிலம் சரியாக மஞ்சளுக்குள் போய் விழுந்து தொலைத்திருந்தது. நிறத்தை மாற்றித் தரும்படி விண்ணப்பித்தார். ஒருநாள் மதியம் மெஷினை வரவழைத்து, தன் காரையும் பங்க் ஆட்களின் ஸ்கூட்டர்களையும் கழுவிச் சோதனையும் பார்த்தார்.

திட்டக்குழுவின் போன கூட்டத்தில், பின்சந்து குடியிருப்போர் சங்கத் தலைவரான ரிடையர்டு வாத்தியார் எழுந்தார். “சோதனை நடந்த அன்னிக்கு என் படுக்கையறைல பதிவு பண்ணினது,” என்று சொல்லித் தன் போனை ஒலிவாங்கிக்கு நேரே பிடித்தார். மண்டபம் அதிர்ந்தது. குழு உறுப்பினர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். பதிவின் பிரதி ஒன்றை முதலாளியம்மாவுக்கும் கொடுத்து, முடிவை இன்று மதியத்துக்குத் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைத்த தினுசிலேயே முடிவு என்ன என்று தெரிந்துபோயிற்று.

அண்ணி பதிவை மறுபடி ஓடவிட்டாள். முதலில் ஓர் உறுமல். பிறகு ஈரப் போர்வையால் சுவரில் ஓங்கி அறைவதுபோல் டப், டப், டப். அடியில் எங்கோ ஒரு டிக்டிக்டிக்.

“அந்த டிக்டிக் என்ன?” என்றாள்.

“வாத்தியாரோட சுவர்க் கடிகாரமாம்,” என்றார் முதலாளியம்மா. “அதையும் சாட்சின்னு சொன்னாரு. ‘என் ரூம் கடிகாரம்கூட இதுல கேக்குது பாருங்க’ன்னாரு.”

மைக் அந்த டிக்டிக்கை நாக்கால் அப்படியே திருப்பி அடித்துக் காட்டினான். “ரிடையர் ஆனவர் வீட்டுக் கடிகாரத்துக்கு எதுக்கு அண்ணி இவ்வளவு அவசரம்?”

அண்ணி திரும்பினாள். அவனை ஒரு மாதிரி பார்த்தாள். அவன் உருப்படியாக ஏதாவது சொல்லிவிட்டால் அவள் அப்படித்தான் பார்ப்பாள். பாராட்டு என்று ஒன்று தனியாக வராது.

உறுமல் ஒரு மூச்சு இறங்கிய இடத்தில், மங்கலாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு பெண்குரல் கேட்டது. மைக் பாய்ந்து போனை எடுத்துக் காதோடு ஒட்டிக்கொண்டான். பின்னால் தள்ளிக் கேட்டான். மறுபடி கேட்டான். முகம் பேயறைந்ததுபோல் ஆயிற்று.

“என்னடா?”

“இதுல ஒரு பொண்ணு பேசுது அண்ணி. ‘தயவுசெய்து வண்டியை நியூட்ரலில் வைக்கவும்’னு.”

“என் மெஷின் பேசாது!” என்றார் முதலாளியம்மா. “அது கைல பிடிச்சுத் தண்ணி அடிக்கிற குழாய். அதுக்கு எதுக்கு நியூட்ரல்?”

“அந்தப் பொண்ணு யாருன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்,” என்றாள் அண்ணி.

“தெரியும்,” என்றான் மைக். “நான்தான்.”

மைக் போனை மேஜைமேல் வைத்தான்.

“மெஷின் விக்கிறவர் ஒருத்தர் வந்தாரு. குரல் குடுக்க வேண்டிய பொண்ணு வரல, நீதான் எல்லாக் குரலும் பேசுவியாமே, பேசுன்னாரு. அன்னிக்கு எனக்குக் கடுமையான சளி. ‘வைக்கவும்’னு முடிக்கறதுக்குள்ள தும்மல் வந்துடுச்சு, பாதில அமுக்கிட்டேன். இன்னொரு தடவை பேசறேன்னேன். கார் கழுவற எடத்துல யாரு உன் தும்மலைக் கேக்கப் போறான்னு போயிட்டாரு. கேளுங்க, கடைசில ஒரு ‘ம்க்’ இருக்கும்.”

கேட்டார்கள். ‘ம்க்’ இருந்தது.

“அவர் வித்ததே ஒரே ஒரு மெஷின். பைபாஸ் ரோட்டுல இருக்கே, காரை உள்ள இழுத்துட்டுப் போய்க் குளிப்பாட்டி அனுப்புமே, அந்தச் சுரங்கம்.”

முதலாளியம்மாவின் கை மேஜையில் இறங்கியது. ஆயில் டின் ஒன்று உருண்டது. “அந்த பைபாஸ்காரன்! ஊருக்கு ஒரு வாஷ் போதும், அது தன்னுதா இருக்கணும்னு பாக்கறான். அவன் எடத்துச் சத்தத்தைப் பிடிச்சு வாத்தியார் கைல குடுத்து என் தலைல கட்டப் பாத்திருக்கான். இன்னிக்குக் கூட்டத்துல அவன் பேரை நாறடிக்கிறேன் பாருங்க!”

“கொஞ்சம் பொறுங்கம்மா,” என்றாள் அண்ணி. “சத்தம் எங்க பிடிச்சதுன்னுதான் தெரிஞ்சிருக்கு. யாரு பிடிச்சாங்கன்னு தெரியல. ரெண்டும் வேற. நான் அங்க போய்ப் பாத்துட்டு வரேன்.”

“என் காரை எடுத்துட்டுப் போங்க.” முதலாளியம்மா கண்ணாடிக் கதவைத் தட்டினார். வெளியே சீருடையோடு ஒரு வேனுக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த அவருடைய மகள் திரும்பிப் பார்த்தாள். இருபத்துச் சொச்சம் வயது. அம்மாவின் அதே நெற்றி. ஆனால் அம்மாவின் முறைப்பு மட்டும் எங்கோ வழியில் விட்டுப்போயிருந்தது. உள்ளே வந்து விஷயத்தைக் கேட்டாள்.

“பைபாஸ் வாஷா? எனக்கு அந்த எடமே தெரியாதேம்மா. நான் போனதே இல்ல. டிரைவரை அனுப்பலாமே?”

“டிரைவர் நம்ம மெஷினை வேன்ல ஏத்திட்டு நகராட்சிக்கு வரணும். கூட்டத்துல எவனாவது சந்தேகம் கேட்டா அங்கயே ஓட்டிக் காட்டப் போறேன். நீ எடு வண்டியை. நான் யாருக்காக இந்தப் பாடு படறேன்? எல்லாம் உனக்காகத்தானே?”

மகள் சாவியை எடுத்துக்கொண்டாள்.

கார் பழசு, இருக்கைத் துணியில் பெட்ரோல் வாசம் ஊறிப்போயிருந்தது. மகள் ஓட்டினாள், அண்ணி பக்கத்தில், மைக் பின்னால். பங்க்கை விட்டு வலதுபக்கம் திரும்பியபோது அவள் போட்ட இண்டிகேட்டர், திரும்பி முடித்தும் அணையாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

“நாம வலதுபக்கம் திரும்பினதை ஊர்ல இன்னும் யாருக்கெல்லாம் சொல்லணும்?” என்றான் மைக்.

“ஐயோ, அது தானா அணையாது. நான்தான் அடிக்கடி மறந்துடறேன்,” என்று மகள் அணைத்தாள்.

அடுத்த திருப்பத்திலும் மறந்தாள். அண்ணி சாலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மீட்டர் பக்கம் மினுக்கிய பச்சை அம்பையே பார்த்துக்கொண்டு வந்தாள். “படிச்சு முடிச்சாச்சா?” என்றாள் திடீரென்று.

“ஆச்சு. கனரக எந்திரம் ஓட்டற டிப்ளமோ.”

“கார் கழுவற ஷெட்டுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய படிப்பு?”

மகள் சிரிக்கப் பார்த்தாள்; சிரிப்பு வரவில்லை. பைபாஸில் பெரிய பெயர்ப்பலகை எதுவும் வருமுன்னே, ஒரு சிமெண்டு கிடங்குக்குப் பின்னால் போன குறுகலான சர்வீஸ் பாதையில் வண்டியைத் திருப்பினாள். யாரும் வழி சொல்லவில்லை. மைக் அதைக் கவனிக்கவுமில்லை. தன் குரலை மறுபடி கேட்கப்போகிறோம் என்ற பெருமையில் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தான்.

வாஷின் வாசலில் தொப்பி போட்ட ஒரு ஆள், வண்டியை வரிசையில் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினான். மகள் இறங்கினாள். கூரைமேல் இருந்த ஏரியல் கம்பியைத் திருகிக் கழற்றி உள்ளே போட்டாள். இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடித்தாள். தொப்பிக்காரன் அதைச் சொல்வதற்காக அப்போதுதான் வாயைத் திறந்தான். சொல்ல ஒன்றும் இல்லாமல் மூடிக்கொண்டான். வண்டி வலதுபக்கம் ஒடித்துச் சுரங்கத்தின் வாய்க்குள் நுழைந்தது.

கீழே ஒரு சங்கிலி சக்கரத்தைக் கவ்வியது. தலைக்கு மேலிருந்து, சளி பிடித்த ஒரு பெண்குரல் உருகி வழிந்தது.

“தயவுசெய்து வண்டியை நியூட்ரலில் வைக்கவு... ம்க்.”

“எவ்வளவு மரியாதையான பொண்ணு பாத்தீங்களா!” என்றான் மைக்.

வெள்ளை நுரை முன்கண்ணாடியை மூடியது. பக்கக் கண்ணாடிகளையும் மூடியது. வெளிச்சம் பாலாக மங்கியது. உறுமல் ஆரம்பித்தது, பிறகு இரண்டு பக்கமும் பெரிய துணித் துடைப்பங்கள் கதவுகளில் அறைந்தன. டப், டப், டப். அண்ணி போனை எடுத்து, பதிவை ஓடவிட்டு, மகளுடைய காதுக்கும் தன் காதுக்கும் நடுவில் பிடித்தாள். வெளியே உறுமல், போனில் உறுமல். வெளியே டப், போனில் டப். பின்னால் நுழைந்த அடுத்த வண்டிக்காகத் தூரத்தில் அதே பெண்குரல், போனிலும் அதே. கூடவே போனிலிருந்து டிக்டிக்டிக். காருக்குள்ளிருந்தும் டிக்டிக்டிக்.

மைக் முன்னால் குனிந்தான். பச்சை அம்பு படபடத்துக்கொண்டிருந்தது. வலது இண்டிகேட்டர். அவள் வழக்கம்போல் அணைக்க மறந்திருந்தாள்.

“இண்டிகேட்டர் சாதாரணமா நிதானமாத்தான் அடிக்கும்,” என்றாள் அண்ணி, யாரிடமோ வானிலை சொல்வதுபோல. “ஒரு பல்பு போயிடுச்சுன்னா ரெண்டு மடங்கு வேகமா அடிக்கும். இந்த வண்டிக்கு வலதுபக்கப் பின் பல்பு போயிருக்கு. மோதின வண்டிகளோடயே பாதி வாழ்க்கையைக் கழிச்சவ நான், கேட்டதுமே தெரிஞ்சுது. அந்தப் பதிவுல ஓடறது வாத்தியாரோட கடிகாரம் இல்ல. இந்தக் கார்.” போனை அணைத்தாள். “வழி தெரியாத எடத்துக்குக் குறுக்குப் பாதைல வந்தே. போனதே இல்லாத எடத்துல சொல்றதுக்கு முன்னாடியே ஏரியலைக் கழட்டினே. பரவால்ல, கண்ணு. இப்ப சொல்லு. இதுக்கு முன்னாடி எப்போ வந்தே?”

கதவைத் திறந்து ஓட முடியாத இடம் பார்த்து அண்ணி கேட்டிருக்கிறாள் என்பது மைக்குக்கு அப்போதுதான் உறைத்தது.

மகள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள், வண்டியை அவள் ஓட்டவில்லை என்றபோதும்.

“ஆமா, நான்தான்,” என்றாள். “சோதனை நடந்த மறுநாள் வந்தேன். பதிவு பண்ணி, எங்க பின்ரூம்ல பிடிச்சதுன்னு வாத்தியார்கிட்ட குடுத்தேன். படுக்கையறைன்னு அவரா சேத்துக்கிட்டாரு. பைபாஸ்காரர் யாருன்னே எனக்குத் தெரியாது. போய்ச் சொல்லுங்க. எனக்கொண்ணும் பயமில்ல.”

“பயமில்லாதவ நேராவே சொல்லியிருப்பியே. யாருகிட்ட பயம்?”

நீர்த்தாரை நுரையைக் கரைக்க ஆரம்பித்தது. சாம்பல் நிறக் கோடுகளாக வெளிச்சம் உள்ளே வந்தது.

“அம்மாகிட்டதான்,” என்றாள். “துறைமுகத்துல கிரேன் ஓட்டற வேலைக்கு என்னை எடுத்திருக்காங்க. நூறு பேர்ல மூணு பேரை எடுத்தாங்க. அடுத்த வாரம் சேரணும். இத எப்படிச் சொல்றது? அவங்க பண்ற எல்லாத்துக்கும் கடைசில ‘எல்லாம் உனக்காகத்தான்’னு ஒரு வால் இருக்கும். அதுக்கப்புறம் வாயைத் திறக்க முடியாது. இந்த ஷெட்டு வந்துட்டா நான் ஆயுசுக்கும் அதுக்குள்ளதான். அதான், ஷெட்டே வரலன்னா...”

“யாரும் யாரையும் எதிர்க்காமலே காரியம் முடிஞ்சிடும்,” என்று அண்ணி முடித்தாள்.

ஊதுகாற்று கூரையில் இரைந்தது. தண்ணீர்த் துளிகள் கண்ணாடியில் மேல்நோக்கி ஓடின. கார் வெளிச்சத்துக்கு வந்து நின்றது. சங்கிலி பிடியை விட்டது. மகள் வண்டியைக் கிளப்பவில்லை. பின்னால் ஹாரன் அடித்தது. அண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“என் கட்சிக்காரி உங்கம்மா. உண்மையை அவங்ககிட்ட மறைக்க எனக்கு உரிமை இல்ல. கூட்டம் முடியறதுக்குள்ள அவங்களுக்குத் தெரிஞ்சாகணும். யாரு வாயால தெரியணுங்கறது உன் இஷ்டம். நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்.”

மகள் கியரை மாற்றினாள். நகராட்சிவரை இண்டிகேட்டரை ஒவ்வொரு திருப்பத்திலும் ஞாபகமாக அணைத்தாள்.

கூட்டம் கீழ்த்தளத்து மண்டபத்தில். சுவரில் குத்தி மாட்டிய வரைபடம். அதில் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே முதலாளியம்மாவின் துண்டு நிலத்தைச் சுற்றி யாரோ சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். குழுத் தலைவர் பேனாவால் மேஜையைத் தட்டினார். முதல் வரிசையில் வாத்தியார், இஸ்திரி போட்ட சட்டையும் இறுகிய முகமுமாக. எதிர்ப்பக்கம் முதலாளியம்மா. இவர்களைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

“சொல்லுங்க அண்ணி! அந்தப் பதிவு எங்க பிடிச்சதுன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. அவன் பேரைச் சொல்லுங்க!”

அண்ணி சொல்லவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். மைக் திரும்பாமலே, தனக்குப் பின்னால் நின்ற மகளின் மூச்சைக் கேட்டான். ஒன்று போயிற்று. இன்னொன்று போயிற்று. தலைவர் பேனாவை மூடி வைத்தார்.

“புதுசா சொல்ல ஒண்ணும் இல்லன்னா விண்ணப்பத்தை நிராகரிச்சு...”

“இருக்கு,” என்றாள் மகள்.

நடுவழியில் நடந்து போய் ஒலிவாங்கிமுன் நின்றாள். அது கீச்சென்றது. “அந்தப் பதிவு பொய். எங்கம்மா மெஷின் இல்ல. பைபாஸ் வாஷ்ல, எங்க காருக்குள்ள உக்காந்து நான் பிடிச்சேன். வாத்தியார் ஐயாகிட்ட பொய் சொல்லிக் குடுத்தேன். பைபாஸ்காரருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. எங்கம்மா ஷெட்டு போடக் கூடாதுன்னு நினைச்சது நான்.”

மைக் முதலாளியம்மாவைப் பார்த்தான். ஊரே எதிர்த்தபோது ஒரு சுருக்கம் விழாத முகம் அது. இப்போது யாரோ பின்னாலிருந்து பிடியை விட்டதுபோல் தளர்ந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஐயா,” தலைவர் வாத்தியாரைப் பார்த்தார், “உங்க படுக்கையறைன்னு சொன்னீங்களே?”

வாத்தியார் எழுந்தார். காது சிவந்திருந்தது. “தப்புதான். நான் சேத்துச் சொன்னது. அந்தப் பொண்ணு குடுத்தது நிஜம்னுதான் நம்பினேன்.” பிறகு தலையை நிமிர்த்தினார். “ஆனா என் உண்மையான கவலையை ரெண்டு தடவை இங்க சொல்லியாச்சு. எங்க சந்து தாழ்வா இருக்கு. அங்க கார் கழுவினா தண்ணி எங்க வாசல்ல வந்து நிக்கும். ஒருத்தரும் நிமிர்ந்து பாக்கல. தண்ணி சத்தம் போடாதில்ல! சத்தம்னதும் எல்லாரும் கேட்டீங்க.”

“சாட்சியே பொய்ங்கறப்போ, விண்ணப்பதாரர் குடும்பமே இதுல இருக்கறப்போ,” என்று தலைவர் இழுத்தார், “விண்ணப்பத்தையே தள்ளிட்டு...”

“எதுக்குத் தள்ளணும்?” முதலாளியம்மா எழுந்துவிட்டார். “பொய் சொன்னது எனக்கு எதிரா. அதுக்குத் தண்டனையும் எனக்கா? மெஷின் வாசல்ல வேன்ல நிக்குது. ஜன்னலைத் திறந்து வைங்க. உங்க காதால கேட்டுட்டு அப்புறம் தள்ளுங்க!”

பதிலுக்கு நிற்கவில்லை. விடுவிடுவென்று வெளியே போனார். டிரைவர் குழாயைத் தோட்டத்துப் பைப்பில் மாட்டினான். முதலாளியம்மா சுற்றிப் பார்த்து, சேற்றோடு நின்ற ஒரு பழைய ஸ்கூட்டர்மேல் தண்ணீரைத் திருப்பினார்.

“அது என் வண்டி!” என்றார் ஜன்னலில் வாத்தியார்.

“தெரியும்!” என்றார் முதலாளியம்மா.

மெஷின் ஓடியது. தையல் மெஷினைவிடக் கொஞ்சம் அதிகம், மிக்ஸியைவிடக் குறைவு. ஜன்னலோரத்தில் இரண்டு உறுப்பினர்கள் குரலை உயர்த்தாமலே பேசிக்கொண்டிருந்தார்கள். தலைவர் ஜன்னலை மூடினார். சத்தம் இருந்த இடம் தெரியவில்லை. மறுபடி திறந்தார்.

“ஜெயிச்சுட்டாங்க அண்ணி,” என்று கிசுகிசுத்தான் மைக்.

“அவசரப்படாதே. கீழ பாரு.”

சேறு கரைந்த தண்ணீர் ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, முற்றத்தின் சரிவில் நெளிந்து, வாசற்படியை நோக்கி வந்துகொண்டிருந்தது. வாத்தியார் வெளியே வந்து படியில் நின்றார். தண்ணீர் அவருடைய செருப்பைத் தொட்டது. விரலைக் கீழே நீட்டினார்.

முதலாளியம்மா குழாயை நிறுத்தினார். அந்தத் தண்ணீரைப் பார்த்தார். வாத்தியாரைப் பார்த்தார். தோற்றுப்போனவர்கள் பார்க்கிற பார்வையாக அது இல்லை. சண்டைக்குச் சரியான ஆள் கிடைத்த பார்வையாக இருந்தது.

“இதை ஏன்யா என் வாசல்ல வந்து என்கிட்ட சொல்லல?”

“உங்ககிட்ட யாரும்மா வந்து பேச முடியும்?”

அந்தக் கேள்வி அவரைச் சுட்டது. கண் தன்னையறியாமல் மகள் நின்ற பக்கம் போய்த் திரும்பியது. பிறகு ஜன்னலைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். “தலைவரே, எழுதிக்குங்க! தண்ணியைப் பிடிக்கத் தொட்டி கட்டறேன். வடிகட்டி அதே தண்ணியைத் திருப்பி உபயோகிக்கிறேன். ஒரு சொட்டு சந்துக்குள்ள வந்தா என் ஷெட்டை நானே பூட்டறேன். வாத்தியாரே வந்து பாக்கட்டும், எப்ப வேணும்னாலும்!”

“தினமும் வருவேன்,” என்றார் வாத்தியார்.

“வாங்க! பயமா எனக்கு?”

துண்டு நிலம் நீலமாயிற்று. தொட்டி முதலில், ஷெட் அப்புறம். பொழுது சாய்ந்தால் மெஷின் ஓடக் கூடாது. சந்துப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் சுவர். கையைத் தூக்கச் சொன்னபோது குழுவில் எல்லாக் கையும் ஒன்றாக எழவில்லை. ஆனால் போதுமான கைகள் எழுந்தன. வாத்தியார் தன் பளபளத்த ஸ்கூட்டரை, யார் கழுவியது என்றே தெரியாததுபோல் ஓட்டிக்கொண்டு போனார்.

தாழ்வாரத்தில் முதலாளியம்மா முழங்கால்வரை நனைந்து நின்றுகொண்டிருந்தார். மகள் நாலடி தள்ளிச் சுவரோரமாக. அண்ணியும் மைக்கும் நழுவப் பார்த்தார்கள்.

“நில்லுங்க. நீங்களும் கேட்டுட்டுப் போங்க.” முதலாளியம்மா மகளைப் பார்க்காமலே கேட்டார். “ஏன் பண்ணினே?”

மகள் சொன்னாள். துறைமுகம், கிரேன், அடுத்த வாரம், எல்லாம். இந்தத் தடவை எதையும் விடவில்லை.

“எவ்வளவு உயரம், அந்தக் கிரேன்?”

“பத்து மாடி இருக்கும்மா.”

முதலாளியம்மா நனைந்த துணியைப் பிழிந்துவிட்டார். “வாத்தியார் என்னை நேருக்கு நேரா எதிர்த்தாரு. அது மரியாதை. பைபாஸ்காரன் எதிர்த்திருந்தா சந்தோஷமாவே சண்டை போட்டிருப்பேன். நீ மட்டும் மறைவுல நின்னு கல்லெறிஞ்சிருக்கே. அதுதான் தாங்கல.” திரும்பினார். “அப்படி எறியற அளவுக்கு உன்னை நான் வச்சிருந்திருக்கேன். அதுவும் தாங்கல. சரி, இப்ப கேக்கறேன். என் முகத்தைப் பாத்து பதில் சொல்லு. அந்த ஷெட்டை நீ பாத்துக்கறியா?”

“மாட்டேம்மா.”

“கேக்கல.”

“மாட்டேன்.”

“லாரி சத்தத்துக்கு நடுவுல கத்திக் கத்தி வளந்த பொண்ணு. இவ்வளவுதானா தொண்டை?”

மகள் சுவரை விட்டு நகர்ந்து நேராக நின்றாள். கண்ணில் நீர் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. அம்மாவின் நெற்றிக்குக் கீழே, அம்மாவின் அதே முறைப்பு முதல் தடவையாக வந்து உட்கார்ந்ததை மைக் பார்த்தான்.

“மாட்டேன்!”

தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. பக்கத்து அறைகளில் பேச்சு நின்றது. ஃபைலோடு போன இரண்டு பேர் போன இடத்திலேயே நின்றார்கள். மண்டபக் கதவு திறந்து தலைவரின் தலை எட்டிப் பார்த்தது.

முதலாளியம்மா ஈரக் கையால் மகளுடைய கன்னத்தைப் பிடித்தார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது. அந்தப் பிடியை விடாமலே, கதவுப் பக்கம் திரும்பினார்.

“என்ன பாக்கறீங்க? எங்க வீட்டு விஷயம். உள்ள போங்க!”